மனிதன் காத்திருப்பதா, பொறி காத்திருப்பதா?

ஒரு கடை நடத்த என்னென்ன வேண்டும் என்று கேட்டால் முதல், சரக்கு, இடம், ஆள் என்று நான்கையும் உடனே சொல்லிவிடுவோம். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது நேரம். முதல் போதாவிட்டால் கடன் வாங்கலாம். சரக்கு தீர்ந்தால் மறுநாள் வரவழைக்கலாம். ஆனால் மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே உள்ள 60 நிமிடங்களை எந்த வட்டிக்கும் வாங்க முடியாது.

இன்று சிறு மளிகைக் கடையிலும் கணிப்பொறி வந்துவிட்டது. பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், கணக்கு எழுதுவதும் அதன் வேலையாகிவிட்டன. இவ்வேலைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று பொறிக்குச் சொல்லும் ஆணைத்தொடர்களின் தொகுப்பைத்தான் மென்பொருள் என்கிறோம். மென்பொருளில் எத்தனை வசதிகள் உள்ளன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைப் பயன்படுத்துவோரின் எத்தனை வினாடிகளை அது எடுத்துக் கொள்கிறது என்று கேட்பவர் சிலரே. இந்த இரண்டாம் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பட்டினத்தில் ஒரு கடை

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூர் செல்லும் வழியில் உள்ளது திருமலைராயன்பட்டினம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரை ஒட்டி வங்கக் கடல் கிடக்கிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற ‘கொம்யூன்’ என்ற சொல் உள்ளாட்சியின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது. காளமேகப் புலவரின் கதைகளால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட ஊர் இது. கேட்ட மாத்திரத்தில் பாட்டுப் பாடிய ஆசுகவி அவர். நம் கடைகளிலோ கேட்ட மாத்திரத்தில் ஒரு பில் கிடைப்பதே அரிதாக இருக்கிறது!

இவ்வூரில் ஒரு மளிகைக் கடை இருப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். கடையை நடத்துபவர் ஓர் அம்மாள். துணைக்கு ஒரு பையன். சரக்கை அவன் எடுத்து வைப்பான். பில் போட்டுப் பணம் வாங்குவது அம்மாளின் வேலை. காலை முழுதும் கூட்டம் இல்லை. மாலையில் வேலை முடிந்து திரும்புவோர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். நாளைய வியாபாரமும் நல்ல பெயரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கின்றன.

வரிசையின் கணக்கு

அந்த ஒரு மணியில் 20 பேர் வருகிறார்கள் என வைத்துக் கொள்வோம். ஒருவருக்குப் பில் போட்டுப் பணம் வாங்கச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. ஒரு மணியில் 30 பேரைக் கவனிக்க முடியும். வருபவரோ 20 பேர். வரிசையே இருக்கக் கூடாது அல்லவா?

ஆனால் வரிசை இருக்கிறது. ஏனெனில் மக்கள் மூன்று நிமிடத்துக்கு ஒருவராக அளந்து வருவதில்லை. நான்கு பேர் சேர்ந்து வருவார்கள். பிறகு ஐந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். ஒருவர் தீப்பெட்டி மட்டும் வாங்குவார். மற்றொருவர் மாதச் சாமான் வாங்குவார். இப்படி ஒழுங்கின்றி வருவோரைப் பற்றிய கணிதத்தை டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் 1909-ல் தொடங்கி வைத்தார். அவர் ஆராய்ந்தது கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி அழைப்புகளை. கடை வரிசைக்கும் அதே கணிதம்தான்.

அதன் எளிய வடிவம் இது. ஒரு மணியில் கவனிக்கக் கூடிய எண்ணிக்கையிலிருந்து வருவோர் எண்ணிக்கையைக் கழியுங்கள். மிச்சத்தால் 60-ஐ வகுத்தால், ஒருவர் கடையில் கழிக்கும் சராசரி நிமிடங்கள் கிடைக்கும். நம் கடையில் 30-லிருந்து 20 போக மிச்சம் 10. ஆகவே காத்திருப்பதும் பில் போடுவதும் சேர்ந்து 6 நிமிடம்.

இப்போது கடைக்குப் புதிய மென்பொருள் ஒன்று வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணைக் கேட்கிறது, ‘உறுதியா?’ என்று இரண்டு தடவை கேட்கிறது. பில் ஒன்றுக்கு அரை நிமிடம் கூடுகிறது. ‘அரை நிமிடம்தானே’ என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பில்லுக்கு இரண்டரை நிமிடம் என்றால் மணிக்கு 24 பேரைத்தான் கவனிக்கலாம். 24-லிருந்து 20 போக மிச்சம் 4. ஒருவர் கடையில் கழிக்கும் நேரம் 15 நிமிடம்! அரை நிமிடம் கூட்டியதற்கு ஒன்பது நிமிடம் தண்டம்.

மறுபுறம், பில்லுக்கு 20 வினாடி குறைத்தால் மணிக்கு 36 பேரைக் கவனிக்கலாம். காத்திருப்பு நான்கு நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

மாசிமகத்தன்று நிலைமை இன்னும் கடினம். திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் இவ்வூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. சுற்று வட்டாரமே திரண்டு வரும். கடைக்கு மணிக்கு 28 பேர் வந்தால்? பழைய 2 நிமிடப் பில்லில் ஒருவர் கடையில் கழிப்பது அரைமணி நேரம். 20 வினாடி குறைந்த பில்லில் ஏழரை நிமிடம். கூட்டம் கூடக்கூட ஒவ்வொரு வினாடியின் விலையும் ஏறுகிறது. மென்பொருளை அமைதியான அறையில் அமர்ந்து எழுதுபவருக்கு இவ்விலை கண்ணில் படுவதில்லை.

பொறியின் நேரம் பொன்னாக இருந்த காலம்

மனிதனைக் காக்க வைக்கும் பழக்கம் மென்பொருளுக்கு எங்கிருந்து வந்தது? வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

தொடக்கக் காலக் கணிப்பொறிகள் அறையை நிறைக்கும் அளவு பெரியவை. அவற்றின் விலையோ கோடிக் கணக்கில் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரும் பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் மாணவர்கள் தம் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். பொறி தன் முறைப்படி ஒவ்வொரு கட்டாக எடுத்துச் செய்யும். விடை பிறகு அச்சாகி வரும். ஓர் அட்டையில் ஒரு புள்ளி தவறினாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். பொறியின் ஒரு மணி நேரம் மனிதனின் ஒரு மணி நேரத்தைவிடப் பன்மடங்கு விலை உயர்ந்தது. ஆகவே மனிதன் காத்திருந்தான். அன்றைக்கு அது நியாயமே.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கடை மேசையில் உள்ள சிறு பொறி பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. அதன் நேரத்துக்கு விலையே இல்லை எனலாம். ஆனால் பழைய மனப்பான்மை மாறவில்லை. பொறிக்கு வசதியான வரிசையில் மனிதன் விவரம் தர வேண்டும். பொறிக்குப் புரியும் குறியீட்டில் பேச வேண்டும்.

தகவல் பெருகினால் எது குறையும் என்ற கேள்வியை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ல் எழுப்பினார். குறைவது மனிதனின் கவனம் என்பது அவர் கண்ட விடை. தகவல் கவனத்தை உண்டு வாழ்கிறது. ஆகவே ஒரு தகவல் அமைப்பு, தான் வெளியிடுவதைவிட அதிகமான தகவலை உள்வாங்கிக் கொண்டால்தான் மனிதனின் கவனத்தை மிச்சப்படுத்தும் என்று அவர் விளக்கினார். 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்.

தேநீர்க் கடையின் கணிப்பொறி

பொறிகள் விலை உயர்ந்திருந்த அக்காலத்திலேயே மனிதனின் நேரத்தை எண்ணிப் பார்த்த ஒரு நிறுவனம் உண்டு. அது இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனம். வியாபாரத்துக்கென்றே ‘லியோ’ என்ற கணிப்பொறியை அந்நிறுவனம் தானே கட்டியது. 1951 நவம்பரில் அது ரொட்டி, கேக் தயாரிப்பின் கணக்கைப் போடத் தொடங்கியது. வியாபாரக் கணக்கை வழக்கமான வேலையாகச் செய்த முதல் கணிப்பொறி இதுவே.

சில ஆண்டுகளில் எல்லாத் தேநீர்க் கடைகளின் அன்றாடத் தேவைகளையும் லியோவிடம் ஒப்படைக்க முடிவாயிற்று. கடையை நடத்திய பெண்மணிகள் ஒவ்வொரு நாளும் நீண்ட பட்டியலை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. டேவிட் கேமினர் தலைமையில் இயங்கிய குழு அந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தது. இன்றைய பட்டியல் பெரும்பாலும் சென்ற வாரத்து இதே நாளின் பட்டியலாகவே இருந்தது. ஆகவே ஒவ்வொரு கடைக்கும் கிழமை வாரியாக ஒரு நிலையான பட்டியலைப் பொறியிலேயே பதித்து வைத்தார்கள். கடைப் பெண்மணி மாற்றங்களை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மாறாததைப் பொறி நினைவில் வைத்துக் கொள்ளும்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த இந்த முறை இன்றும் முதல் பாடமாகும். பொறிக்குத் தெரிந்ததை மனிதனிடம் கேட்கக் கூடாது. நம் பட்டினத்துக் கடைக்கு இது எப்படிப் பொருந்தும்? மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தின் சென்ற மாதப் பட்டியலைப் பொறி எடுத்துக் காட்டினால், அம்மாள் கூட்டல் கழித்தலை மட்டும் செய்து முடித்துவிடலாம்.

விரலுக்கும் மனத்துக்கும் அளவுகோல்

மனிதனின் நேரத்தை எப்படி அளப்பது? கார்டு, மோரான், நியூவெல் என்ற மூவர் 1980-ல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். அவர்கள் பல சோதனைகளிலிருந்து எடுத்த சராசரிகள் இவை. ஒரு விசையைத் தட்டச் சுமார் 0.2 வினாடி. மௌஸ் எனப்படும் சுட்டியைத் திரையில் வேண்டிய இடத்துக்கு நகர்த்த 1.1 வினாடி. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துச் சுட்டியைப் பற்ற 0.4 வினாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 வினாடி. எல்லாவற்றிலும் பெரிது மனம் எடுக்கும் நேரமே என்பதைக் கவனியுங்கள்.

புதிய பில் ஒன்றைத் திறக்க ஒரே விசை போதும் என்றால் 1.35-உம் 0.2-உம் சேர்ந்து 1.55 வினாடி. அதற்கே சுட்டியைப் பற்றி, இரண்டு இடங்களில் சொடுக்கி, மீண்டும் கையை விசைப்பலகைக்குக் கொண்டுவர வேண்டுமானால் 4.75 வினாடி. வேறுபாடு சுமார் 3 வினாடி. நாளொன்றுக்கு 200 பில் போடும் இடத்தில் இது 10 நிமிடத்துக்கு மேல்.

பொறி பதில் சொல்ல எடுக்கும் நேரத்துக்கும் எல்லைகள் உண்டு. ராபர்ட் மில்லர் 1968-ல் இவற்றை ஆராய்ந்து எழுதினார். பத்தில் ஒரு வினாடிக்குள் பதில் வந்தால் தட்டியவுடன் நடந்ததாகத் தோன்றும். ஒரு வினாடி வரை தாமதம் தெரிந்தாலும் எண்ணம் அறுபடாது. பத்து வினாடிக்கு மேலானால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். அதைத் திரும்ப அழைத்து வர மீண்டும் நேரம் பிடிக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டோஹர்ட்டி, ததானி இருவரும் 1982-ல் இன்னொன்றையும் காட்டினர். பொறியின் பதில் ஒரு வினாடிக்கும் கீழே வரும்போது மனிதன் அடுத்ததை யோசிக்க எடுக்கும் நேரமும் சேர்ந்து குறைகிறது. அதாவது பொறி விரைந்தால் மனிதனும் விரைகிறான்.

பேரேட்டின் மொழி பேசிய மென்பொருள்

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா, அவருடைய மகன் பரத் கோயங்கா இருவரும் 1986-ல் தொடங்கிய கணக்கு மென்பொருள் பின்னாளில் ‘டாலி’ என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. தந்தை வியாபாரி. தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காத நிலையில், மகனே அதை எழுதினார்.

அக்காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. அரிசி மண்டிக்கு ஓர் எண், வங்கிக்கு ஓர் எண் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அல்லது அட்டவணையைப் புரட்ட வேண்டும். பொறிக்கு எண் எளிது; மனிதனுக்குப் பெயர் எளிது. இந்த மென்பொருளில் எண் கிடையாது. பேரேட்டில் எழுதும் பெயரையே பொறியிலும் எழுதினால் போதும். மேலும், கொடுத்த பணம், வந்த பணம், விற்பனை, கொள்முதல் ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையின் மேல் வரிசையில் தனித்தனி விசை இருந்தது. அடிக்கடி செய்யும் வேலைக்குச் சுட்டி தேடும் வேலை இல்லை. கணக்குப்பிள்ளைகள் திரையைப் பார்க்காமலே விரல் பழக்கத்தால் பதிவு செய்யக் கற்றுக் கொண்டனர்.

சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகியவரின் அறிவை இந்த அமைப்பு வீணாக்கவில்லை. புதிதாகக் கற்க வேண்டியதைக் குறைத்தது. மனிதன் முன்பே கற்றதைப் பயன்படுத்திக் கொள்வது இரண்டாம் பாடம்.

எந்த ரயிலுக்கும் எந்தக் கவுண்டரும்

ரயில் முன்பதிவு மூன்றாம் பாடத்தைத் தருகிறது. கணிப்பொறி வரும் முன் ஒவ்வொரு வண்டிக்கும் பெரிய பதிவேடு இருந்தது. பதிவேடு எந்தக் கவுண்டரில் உள்ளதோ அங்கேதான் அந்த வண்டிக்குச் சீட்டு. ஒரு கவுண்டரில் நீண்ட வரிசை நிற்கும். அடுத்த கவுண்டரில் எழுத்தர் சும்மா அமர்ந்திருப்பார். 1985-ல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியபின் எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்க வழி பிறந்தது. பிறகு இம்முறை சென்னை முதலிய நகரங்களுக்கும் பரவியது.

இங்கே எழுத்தரின் விரல் வேகம் கூடியதால் மட்டும் வரிசை குறையவில்லை. வேலையைப் பகிரும் முறை மாறியதே பெரிய காரணம். முன்பதிவுப் படிவத்தையும் எண்ணிப் பாருங்கள். பெயர், வயது, வண்டி, நாள் எல்லாவற்றையும் பயணி வரிசைக்கு வெளியே நின்று எழுதிக் கொண்டு வருகிறார். கவுண்டரில் நின்று யோசிக்கும் ஒரு நிமிடம் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லோருடைய நிமிடமும் ஆகும். வரிசையின் முனையில் செய்ய வேண்டாத வேலையை வேறிடத்துக்கு மாற்றுவது மூன்றாம் பாடம்.

கண் ஓயாதபோது காது

வியாபாரம் செய்வோரில் பலருக்குக் கையும் கண்ணும் ஓய்வதில்லை. மீன் விற்பவரின் கை ஈரம். வலை ஏற்றுபவரின் கண் படகில். அவர்களுக்குத் திரை எதற்கு?

புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை ஊர்த் தொண்டர்கள் எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கடலுக்குப் புறப்படும் மீனவர் கணிப்பொறி மையத்துக்கு வர வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டே காதால் கேட்டால் போதும்.

இந்த ஒலிபெருக்கியின் உண்மையான மதிப்பு 2004 டிசம்பர் 26-ல் தெரிந்தது. அன்று ஆழிப் பேரலை காரைக்கால் கரையையும் விட்டுவைக்கவில்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தது. ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்க, 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூர் உயிர் தப்பியது. கையில் சில நிமிடங்களே இருந்த வேளையில், யாரும் தேடிச் சென்று படிக்க வேண்டாத ஒரு கருவி அங்கே ஆயத்தமாக இருந்தது.

பின்னாளில் இதே நிறுவனம் மீனவர்களுக்கான கைப்பேசிச் செயலியையும் உருவாக்கியது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று விவரங்களும் மீன் கிடைக்கக் கூடிய பகுதிகளும் அதில் வருகின்றன. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் தருகிறது.

2016-ல் யூ.பி.ஐ. பணப் பரிமாற்றம் தொடங்கியபின் கடைகளில் தோன்றிய பேசும் பெட்டியும் இதே இனம்தான். பணம் வந்ததா என்று கைப்பேசியைத் துடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று பெட்டியே தமிழில் சொல்கிறது. எந்தப் புலன் ஓய்வாக உள்ளதோ அதனிடம் பேசுவது நான்காம் பாடம்.

வேகமான பொறி, மெதுவான வேலை

வினாடிகளை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் தன் இயக்குநர்களுக்குப் புதிய பொறிகளை வாங்க எண்ணியது. விசைத் தட்டல் குறைவு, திரை விரைவு. வேலை வேகமாகும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். கிரே, ஜான், ஆட்வுட் என்ற ஆய்வாளர்கள் ஒவ்வொரு செயலையும் வினாடியின் சிறு பகுதி வரை கணக்கிட்டு, புதிய பொறி மெதுவாகவே இருக்கும் என்றனர். நேரில் சோதித்தபோது அதுவே உண்மையாயிற்று. 1993-ல் வெளியான ஆய்வு இது.

காரணம் என்ன? குறைந்த தட்டல்கள் எல்லாம் வாடிக்கையாளர் பேசிக் கொண்டிருக்கும்போது நடப்பவை. அவற்றைக் குறைத்தாலும் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கத்தானே வேண்டும்? புதிதாகச் சேர்ந்த தட்டலோ எல்லோரும் அதற்காகவே காத்திருக்கும் கடைசி நொடியில் வந்து நின்றது. நம் கடையிலும் வாடிக்கையாளர் பையைத் திறந்து பணம் எடுக்கும்போது நடக்கும் வேலைக்குச் செலவே இல்லை. அவர் பணத்தை நீட்டியபின் பொறி கேட்கும் ஒரு கேள்விக்கு முழு விலை உண்டு.

சிக்கலைச் சுமப்பவர் யார்?

‘இவ்வளவையும் பார்த்து எழுதினால் மென்பொருள் முடிய ஒரு வாரம் கூடுமே’ என்று எழுதுபவர் கேட்கலாம். இதற்கு லாரி டெஸ்லர் என்ற கணிப்பொறி அறிஞர் 1980-களில் ஒரு விடை சொன்னார். ஒவ்வொரு வேலையிலும் குறைக்க முடியாத சிக்கல் ஓரளவு இருக்கும். அதை அழிக்க முடியாது. ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்கு மாற்றத்தான் முடியும். கேள்வி, அதை யார் சுமப்பது என்பதே.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருளை 10,000 கடைகள் பயன்படுத்துகின்றன என்போம். கடைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நிமிடம் வீணானால், மொத்தம் 166 மணி நேரத்துக்கு மேல். அதாவது ஒருவரின் நான்கு வாரத்து உழைப்பு ஒவ்வொரு நாளும் வீணாகிறது. எழுதுபவரின் ஒரு வாரம் அதற்கு முன் எம்மாத்திரம்?

இதில் இடையூறுகளையும் சேர்க்க வேண்டும். கடையில் ஒரு பில் நேராக முடிவதில்லை. ‘அரைக் கிலோ பருப்பும் போடுங்க அக்கா’ என்பார் ஒருவர். ‘பணத்தை வீட்டில வச்சிட்டு வந்துட்டேன், இதோ வந்துடறேன்’ என்பார் மற்றொருவர். பாதிப் பில்லை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்க மென்பொருள் இடம் தர வேண்டும். மின்சாரம் நின்று வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இணையம் அறுந்தாலும் பில் போக வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரு தட்டலில் திருத்த வேண்டும். திருத்துவது எளிது என்றால் ‘உறுதியா, உறுதியா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதே இல்லை.

மிச்சமான நேரம் யாருக்கு?

கடைசியாக, கவனிக்க வேண்டிய ஒன்று. வினாடியை எண்ணும் கலை இருபுறமும் கூரான கத்தி. பெரிய கடைகளில் பில் போடும் பெண்ணின் ஒவ்வொரு தட்டலையும் பொறி பதிவு செய்யலாம். அவர் மெதுவானவர் என்று முதலாளிக்கு அறிக்கை தரலாம். தடுமாறியது மென்பொருளாக இருக்கும். பழி விழுவது அவர் மேல். நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. நாற்காலி போடவே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், மிச்சமான நிமிடம் தானாகவே தொழிலாளியைச் சேரும் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே நேரத்தை மிச்சம் பிடிக்கும் மென்பொருள் என்று யாரேனும் சொன்னால், யாருடைய நேரத்தை என்று கேட்க வேண்டும். கடைக்காரரின் நேரமா, வரிசையில் நிற்பவரின் நேரமா, பில் போடும் பெண்ணின் நேரமா, அல்லது மென்பொருளை எழுதியவரின் நேரமா? பெரும்பாலும், யாரிடம் நேரம் குறைவாக உள்ளதோ அவரே அதிகம் காத்திருக்கிறார். மீனை விற்றுவிட்டுச் சாமான் வாங்கி வீட்டில் உலை வைக்க வேண்டியவருக்குப் பத்து நிமிடம் பெரிது.

நீங்களே அளந்து பாருங்கள்

மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி பெற்று, கூட்டமான வேளையில் ஓர் ஓரமாக நில்லுங்கள். கடிகாரமும் தாளும் போதும். ஒரு மணியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். இருபது பேருக்குப் பில் போட ஆகும் நேரத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டு, மக்கள் உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாகப் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று யோசிப்பதும் பாடமே.

பிறகு இன்னொரு பட்டியல் எழுதுங்கள். பொறி என்னென்ன கேட்டது? அவற்றில் அதற்கு முன்பே தெரிந்தவை எவை? பணம் நீட்டியபின் கேட்டவை எவை? கேட்காமலே விட்டிருக்கக் கூடியவை எவை? இந்தப் பட்டியலைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். நாளை உங்களில் சிலர் மென்பொருள் எழுதப் போகிறவர்கள். அன்றைக்கு விசைப்பலகை முன் அமரும்போது அந்த மாலை நேரத்து வரிசை உங்கள் கண் முன் நிற்கட்டும்.